சுருட்டுப் பெட்டி கிடார்: இரைச்சல், சுருதி விலகல், ஊமைத்தனம் - எங்கே பார்ப்பது, எப்போது விடுவது

மூன்று கம்பிச் சுருட்டுப் பெட்டி கிடாரைச் செய்து முடிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போதும். அதை ஒழுங்காகப் பேச வைக்க இன்னும் நான்கு ஞாயிறுகள் பிடிக்கும். நான் செய்தவை, அக்கா மகன் செய்தவை, அவனுடைய நண்பர்கள் செய்து தூக்கி வந்தவை என்று என் மேசைக்கு வந்த கிடார்களில் கோளாறுகள் ஒரு சிறிய வட்டத்துக்குள்தான் சுற்றுகின்றன. கொண்டுவருபவர்கள் சொல்லிவைத்தாற்போல் முதலில் கேட்பது, "கம்பி மாற்றினால் சரியாகிவிடுமா?" பெரும்பாலும் ஆகாது. கம்பி சாய்ந்து உட்காரும் இரண்டு இடங்கள் இருக்கின்றனவே, வினை அங்கேதான் இருக்கும்.

நான் மனத்தில் வைத்திருக்கும் கருவி இது. ஏறக்குறைய 38 மி.மீ. அகலமும் 19 மி.மீ. கனமும் உள்ள ஒரு மரச்சட்டம் கழுத்தாகிப் பெட்டிக்குள் புகுந்து மறுபுறம் வெளியே வருகிறது. கம்பியின் அதிரும் நீளம் 635 மி.மீ., அதாவது 25 அங்குலம். சாதாரண அக்கூஸ்டிக் கிடார் செட்டில் ஐந்தாவது, நான்காவது, மூன்றாவது கம்பிகள். சுருதி ஜி-டி-ஜி. சங்கீதம் தெரிந்தவர்களுக்கு ஐந்து கட்டையில் ச-ப-ச என்றால் விளங்கிவிடும். பெட்டி சுருட்டுப் பெட்டியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. திருச்சிச் சுருட்டு ஒரு காலத்தில் கப்பலேறிப் போன சரக்குதான். ஆனால் அதன் மரப்பெட்டி இன்று எளிதில் கைக்குக் கிடைப்பதில்லை. பாதாம் பருப்பு வைத்துப் பரிசளிக்கும் மரப்பெட்டியும் நன்றாகவே பாடுகிறது.

இரண்டு சொற்களை மட்டும் முடிவு செய்துகொள்வோம். பெட்டியின் மேல் கம்பியைத் தாங்குவதை வீணைக்காரர்களைப் போலக் குதிரை என்கிறேன். கழுத்தின் தலைப்பக்கம் உள்ளதைக் கிடார்க்காரர்கள் நட் என்பார்கள். இந்தக் கிடாரில் அதையே ஒரு போல்ட்டால் செய்வதால், ஹார்டுவேர் கடையில் போய் "நட்டுக்கு ஒரு போல்ட்" என்று கேட்டு நான் அவமானப்பட்டிருக்கிறேன். ஆகவே தலைத்தாங்கி.

கையில் எஃகு அளவுகோல், சுருதி பார்க்கும் செயலி உள்ள கைப்பேசி, பென்சில், உப்புத்தாள், காலாவதியான ஏ.டி.எம். அட்டை ஒன்று இருக்கட்டும். மின்னிணைப்பு வைத்திருந்தால் மல்டிமீட்டரும் வேண்டும்.

## கம்பி இரைகிறது

தம்பூராவில் குதிரைமேல் நூல் வைத்து வேண்டுமென்றே வரவழைப்பார்களே, அந்த இனிய ரீங்காரத்தைச் சொல்லவில்லை. தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்டது போன்ற ஜிர்ர். எங்கே இரைகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

விரல் வைக்காமல் மீட்டினால் மட்டும் இரைகிறது. தலைத்தாங்கியில் கம்பி தாழ்ந்துவிட்டது. ஃப்ரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த மெல்லிய உலோகப் பட்டை. மூன்றாவது ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டைப் பாருங்கள். கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளி வேண்டும். கம்பி ஃப்ரெட்டின்மேல் படுத்திருந்தால் தலைத்தாங்கியின் அடியில் அழைப்பிதழ் அட்டையை வெட்டிச் செருகுங்கள். போல்ட் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: கம்பி மரையின் பள்ளத்துக்குள் முழுதாக இறங்காமல் ஓரத்தில் சாய்ந்திருந்தாலும் இதே இரைச்சல்தான். நகத்தால் தள்ளிப் பள்ளத்தில் உட்கார வையுங்கள், செலவே இல்லை. அப்படியும் நிற்காவிட்டால் ஓர் அளவு பெரிய போல்ட்டை மாற்றிப் பாருங்கள்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் இரைகிறது. நீங்கள் அழுத்தும் ஃப்ரெட்டுக்கு அடுத்தது மேலே தூக்கி நிற்கிறது. ஏ.டி.எம். அட்டையின் நீண்ட விளிம்பை அடுத்தடுத்த மூன்று ஃப்ரெட்டுகளின்மேல் நிறுத்துங்கள். ஊஞ்சல்போல் ஆடினால் நடு ஃப்ரெட்தான் குற்றவாளி. அதன்மேல் ஒரு மரத்துண்டை வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். தட்டும்போது இறங்கி, விட்டதும் மறுபடி எழுந்தால் பள்ளம் அகலமாகிவிட்டது என்று பொருள். இரும்பறுக்கும் ரம்பத்தால் பள்ளம் வெட்டியவர்கள் எல்லோருக்கும் இது நடக்கும். அதன் பற்கள் இருபுறமும் விரிந்திருப்பதால் ஃப்ரெட் கம்பியின் அடிப்பகுதியைவிட அகலமாக வெட்டிவிடும். ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டு, மரத்துண்டால் அழுத்திப் பிடித்து இரண்டு நிமிடம் பொறுங்கள். பசை விரலில் பட்டால் ஃப்ரெட்டோடு நீங்களும் ஒட்டிக்கொள்வீர்கள்.

எல்லா இடத்திலும் இரைகிறது. குதிரை தாழ்ந்திருக்கிறது. அடியில் ஒரு தீக்குச்சியைப் படுக்க வைத்துப் பாருங்கள். இரைச்சல் நின்றால் தீக்குச்சியை எடுத்துவிட்டு, அதே கனத்தில் ஒரு மரப்பட்டையை வெட்டி வையுங்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே கம்பி 2 முதல் 2.5 மி.மீ. உயரத்தில் நின்றால் விரலுக்கு இதம். விரலால் அழுத்தாமல் ஸ்லைடு, அதாவது கம்பிமேல் வழுக்கும் சிறு குழாய், வைத்து மட்டும் வாசிப்பவர்களுக்கு 4, 5 மி.மீ. தேவைப்படும்.

இரைச்சல் இருக்கிறது, ஆனால் கம்பியில் இல்லை. இதுதான் மனிதனைச் சோதிப்பது. போன மழைக்காலத்தில் ஒரு கிடார் வந்தது. நடுக் கம்பியை ஐந்தாவது ஃப்ரெட்டில் வாசித்தால் மட்டும் ஜிர்ர். ஃப்ரெட்டைத் தட்டினேன், தேய்த்தேன், குதிரையை உயர்த்தினேன், தலைத்தாங்கியைக் கழற்றி மாட்டினேன். இரண்டு மாலைகள் போயின. மூன்றாம் நாள் அக்கா மகன் வாசிக்க, நான் கிடாரின் ஒவ்வோர் உறுப்பையும் விரலால் அழுத்திக்கொண்டே வந்தேன். பெட்டியின் முன்பக்கம் மூடியைப் பூட்டும் பித்தளைக் கொண்டி, சுண்டுவிரல் நகமளவு இருக்கும், அதைத் தொட்டதும் இரைச்சல் நின்றது. அந்த ஒரு ஸ்வரம் ஒலிக்கும்போது மட்டும் கொண்டியும் கூடவே அதிர்ந்துகொண்டிருந்திருக்கிறது. அடியில் துளித் துணியை ஒட்டினேன். முப்பது விநாடி வேலை.

ஆகவே இப்போதெல்லாம் இந்த வரிசையில்தான் அழுத்திப் பார்க்கிறேன்: கொண்டி, கீல், கேபிள் செருகும் ஜாக்கின் வளையம், சுருதிச் சாவிகளின் சிறு திருகுகள், சாவியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி முனை, பெட்டியின் உள்ளே தளர்ந்து கிடக்கும் ஒயர், கடைசியாக மூடியின் விளிம்பு. மூடி விளிம்பில் பசை விட்டுப்போயிருந்தால் மரப்பசை ஊற்றி, கனமான புத்தகங்களை அடுக்கி ஓர் இரவு விட்டுவிடுங்கள்.

எப்போது ஆளிடம் போவது? பாதிக்கு மேற்பட்ட ஃப்ரெட்டுகள் ஏற்ற இறக்கமாக இருந்தால் கிடார் பழுதுபார்ப்பவர் எல்லாவற்றையும் ஒரே மட்டமாகத் தேய்த்துத் தருவார். ஆனால் அவருடைய கூலி உங்கள் கிடாரின் மொத்தச் செலவைத் தாண்டிவிடும். என்னைக் கேட்டால், இடுக்கியால் ஃப்ரெட்டுகளை எல்லாம் பிடுங்கிவிட்டு, குதிரையை உயர்த்தி, ஸ்லைடு கிடாராக மாற்றிவிடுங்கள். இந்தக் கருவிக்கு அதுவும் பொருத்தமான வாசிப்புதான்.

## சுருதி நிற்கவில்லை

புதுக் கம்பி என்றால் முதல் இரண்டு நாள் இறங்கத்தான் செய்யும். ஒவ்வொரு கம்பியையும் நடுவில் பிடித்து மெல்ல மேலே இழுத்து, மறுபடி சுருதி சேருங்கள். நான்கைந்து முறை செய்தால் அடங்கிவிடும். ஒரு வாரமாகியும் இறங்கிக்கொண்டே இருந்தால்தான் கோளாறு.

சாவியில் கம்பி எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். இரண்டு அல்லது மூன்று சுற்று போதும். ஒன்றுக்குக் குறைவாக இருந்தால் வழுக்கும். எட்டுப் பத்துச் சுற்று ஒன்றின்மேல் ஒன்றாக ஏறியிருந்தால் வாசிக்க வாசிக்க நெகிழும்.

சாவியைத் திருகும்போது "டிக்" என்று ஒலி வந்து சுருதி சட்டென்று தாவுகிறதா? தலைத்தாங்கிப் பள்ளத்தில் கம்பி சிக்கி விடுபடுகிறது. கம்பியைத் தளர்த்திப் பள்ளத்தில் பென்சிலால் நன்றாகக் கோடு கிழியுங்கள். பென்சில் கரி எண்ணெய்போல் வேலை செய்யும்.

அடுத்து வால் பக்கம். கம்பியின் குண்டு முனையை மரத்தில் போட்ட வெறும் துளையில் மாட்டியிருந்தால், அது நாளாவட்டத்தில் மரத்தைக் கடித்து உள்ளே போகும். போகப் போகச் சுருதி இறங்கும். ஒரு சிறிய கீலின் துளைகள் வழியாகக் கம்பிகளைக் கோத்தால் தீர்ந்தது.

இவ்வளவும் சரியாக இருந்து, ஒரே கம்பி மட்டும் இறங்கினால் அந்தச் சாவியின் பல்சக்கரம் தேய்ந்திருக்கும். பல்சக்கரத்தின் நடுவிலுள்ள சிறு திருகை இறுக்கிப் பாருங்கள். அசையாவிட்டால் மாற்றுங்கள். ஆறு சாவி உள்ள செட்டை வாங்கி மூன்றைத்தான் பயன்படுத்தியிருப்பீர்கள். மீதி எங்கேயோ இழுப்பறையில் கிடக்கும். ஆனால் வலப்புறச் சாவியும் இடப்புறச் சாவியும் ஒன்றல்ல. மாற்றும் முன் இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

மூன்று கம்பிகளும் சேர்ந்தாற்போல் விலகினால் சாவியை விட்டுவிட்டுக் கழுத்தைப் பாருங்கள். அது கடைசிப் பகுதியில் வருகிறது.

## விரல் வைக்காவிட்டால் சுருதி சரி, வைத்தால் விலகுகிறது

பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை விரலால் தொட்டும் தொடாமலும் மீட்டி விரலை எடுங்கள். மணிபோல் ஓர் ஒலி வரும். பிறகு அதே இடத்தில் அழுத்தி மீட்டுங்கள். செயலியில் இரண்டும் ஒன்றாகக் காட்ட வேண்டும். அழுத்தியது ஏறிக் காட்டினால் குதிரையை வால் பக்கம் நகர்த்துங்கள். இறங்கிக் காட்டினால் கழுத்துப் பக்கம். ஒரு தடவைக்கு ஒரு மி.மீ.தான். இந்தக் கிடாரில் குதிரையை ஒட்டுவதில்லை; கம்பியின் அழுத்தமே பிடித்துக்கொள்ளும். ஒட்டியவர்கள் இந்த இடத்தில்தான் வருந்துவார்கள். தடித்த கம்பிக்குக் குதிரை சற்றுப் பின்தள்ளி இருக்க வேண்டும் என்பதால், நேராக நிறுத்தாமல் கொஞ்சம் சாய்வாக நிறுத்துங்கள். சரியான இடம் கிடைத்ததும் பென்சிலால் அடையாளம் போடுங்கள். கம்பி மாற்றும்போது குதிரை விழுந்துவிடும், நினைவில் இருக்காது.

முதல் மூன்று ஃப்ரெட்டில் மட்டும் ஏறுகிறது, மேலே போகப் போகச் சரியாகிறது என்றால் தலைத்தாங்கி உயரம். அதன் அடிப்பாகத்தை உப்புத்தாளில் தேய்த்துக் குறையுங்கள். போல்ட்டாக இருந்தால் அது படுத்திருக்கும் மரப்பள்ளத்தை ஆழமாக்குங்கள். தேய்ப்பது எளிது, தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. இரண்டு இழுப்புக்கு ஒரு முறை மாட்டிப் பாருங்கள்.

ஒன்றிரண்டு ஃப்ரெட்டுகளில் மட்டும் பிசகினால் அளவில் தவறு. 635 மி.மீ. நீளத்துக்குத் தலைத்தாங்கியிலிருந்து முதல் ஃப்ரெட் 35.6, மூன்றாவது 101.0, ஐந்தாவது 159.3, ஏழாவது 211.2, பன்னிரண்டாவது சரிபாதியில் 317.5 மி.மீ. எல்லாவற்றையும் தலைத்தாங்கியிலிருந்தே அளந்து பாருங்கள். ஒரு ஃப்ரெட்டிலிருந்து அடுத்ததற்கு என்று அளந்துகொண்டே போனவர்களுக்கு அரை அரை மி.மீ. பிழை சேர்ந்து, பன்னிரண்டாவதை எட்டும்போது வேறு ஊருக்குப் போயிருக்கும். அரை மி.மீ. விலகலோடு வாழலாம். இரண்டு மி.மீ. என்றால் அந்த ஃப்ரெட்டைப் பிடுங்கி, பள்ளத்தை மரத்தூளும் பசையும் கலந்து அடைத்து, காய்ந்தபின் புதிதாக வெட்டுங்கள். ஐந்தாறு ஃப்ரெட் இப்படி என்றால் புதுக் கழுத்து.

## கம்பி அறுந்துகொண்டே இருக்கிறது

எங்கே அறுகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடம் என்றால் அங்கே கூர் இருக்கிறது: குதிரைப் பள்ளமோ, போல்ட்டின் மரையோ, சாவித் துளையின் விளிம்போ. சுருட்டிய உப்புத்தாளை இரண்டு முறை இழுங்கள்.

இடம் மாறி மாறி அறுந்தால் ஸ்தாயியைச் சரிபாருங்கள். சில செயலிகள் "ஜி" என்று எழுத்தை மட்டும் காட்டும். எந்த ஸ்தாயி என்று சொல்லாது. தடித்த ஜி 98 ஹெர்ட்ஸ், டி 147, மெல்லிய ஜி 196. மெல்லிய கம்பியை இதற்கும் மேல் ஸ்தாயிக்கு ஏற்ற முயன்று அறுத்துவிட்டுக் கம்பிக் கடையைத் திட்டியவர்களை எனக்குத் தெரியும்.

## சத்தம் பெட்டிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது

மூடியை விரல் கணுவால் தட்டுங்கள். "டொம்" என்று திறந்து ஒலித்தால் நல்லது. கதவைத் தட்டியதுபோல் "டக்" என்றால் மூடிக்கு மூச்சு முட்டுகிறது.

பெரும்பாலும் கழுத்து மூடியின் அடிப்புறத்தை உரசிக்கொண்டிருக்கும். மூடியைத் திறந்து ஒரு தாளை நடுவில் வைத்து மூடி, தாளை இழுத்துப் பாருங்கள். சிக்கினால், பெட்டிக்குள் இருக்கும் பகுதியில் மட்டும் கழுத்தை உளியால் 3 மி.மீ. சீவி இறக்குங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

அடுத்தது குதிரையின் அடி. அது மூடியோடு முழுதாகப் பொருந்த வேண்டும். மூடிமேல் உப்புத்தாளைச் சொரசொரப்பான பக்கம் மேலே இருக்குமாறு விரித்து, குதிரையை அதன்மேல் தேய்த்தால் அடி தானாகவே பொருந்திவிடும். குதிரையைத் தாண்டிக் கம்பி கீழ்நோக்கி இறங்குகிறதா என்பதையும் பாருங்கள். நேர்கோட்டில் போனால் குதிரையின்மேல் அழுத்தமே இருக்காது.

மூடியின் கனம் கடைசி. 3 மி.மீ. அளவில் இருந்தால் பாடும். 6 மி.மீ. ப்ளைவுட் என்றால் எத்தனை துளை போட்டாலும் பயனில்லை. மூடியை மட்டும் மாற்றுங்கள். அட்டைப் பெட்டி போலிருக்கும் மெல்லிய பெட்டிகள் இதில் தடித்த தேக்குப் பெட்டியை வென்றுவிடும் என்பது எனக்கு முதலில் நம்ப முடியாததாக இருந்தது.

## ஆம்பில் செருகினால் கோளாறு

உள்ளே இருப்பது, அதிர்வை மின்சாரமாக மாற்றும் 27 மி.மீ. பியெசோ தட்டு என்று வைத்துக்கொள்கிறேன். எலக்ட்ரானிக்ஸ் கடையில் மிக மலிவாகக் கிடைக்கும். இரண்டாக வாங்கி வையுங்கள்.

சத்தமே இல்லை. முதலில் கேபிளை மாற்றுங்கள். அதைச் செய்யாமல் பெட்டியைப் பிரித்தவர்களில் நானும் ஒருவன். பிறகு கேபிளைச் செருகியபடி மூடியைத் தட்டுங்கள். தட்டும் ஒலிகூட வராவிட்டால் மல்டிமீட்டரை எடுத்து ஜாக்கின் நுனிக்கும் உடலுக்கும் நடுவே தடை பாருங்கள். நல்ல பியெசோ திறந்த சுற்றாகவே காட்டும். பீப் ஒலித்தால் எங்கோ இரண்டு ஒயர்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பீப் இல்லை, சத்தமும் இல்லை என்றால் ஈயப்பற்று விட்டிருக்கலாம். நடுவிலுள்ள வெள்ளை வட்டத்தில் பற்றவைக்கும் இரும்பை இரண்டு விநாடிக்கு மேல் வைத்தால் அந்தப் பூச்சு உரிந்து தட்டு செத்துவிடும். அப்போது இரண்டாவது தட்டு உதவும்.

உர்ர் என்ற உறுமல். பித்தளை விளிம்பிலிருந்து வரும் ஒயர் ஜாக்கின் உடலுக்கும், வெள்ளை வட்டத்தின் ஒயர் நுனிக்கும் போக வேண்டும். மாறியிருந்தால் உறுமும், தட்டில் கை பட்டால் இன்னும் உறுமும். சரியாக இருந்தும் உறுமினால் ஒயரைக் குட்டையாக்குங்கள், அல்லது உறையுள்ள ஒயரைப் போடுங்கள். கைப்பேசி சார்ஜரையும் குழல்விளக்கையும் அணைத்துப் பார்ப்பது அதற்கும் முன்னால்.

ஒலியைக் கூட்டினால் ஊளையிடுகிறது. ஆம்பின் வாய்க்கு நேரே உட்காராதீர்கள். அப்படியும் ஊளையிட்டால், மூடியில் நேரடியாக ஒட்டிய தட்டை எடுத்து, இரண்டு சிறு மரத்துண்டுகளுக்கு நடுவில் சாண்ட்விச் போல வைத்துக் குதிரைக்கு அடியில் உள்ளே ஒட்டுங்கள். சத்தம் சற்றுக் குறையும், கத்தல் நின்றுவிடும்.

தகரம்போல் ஒலிக்கிறது, அடிநாதமே இல்லை. மடிக்கணினியின் மைக் துளையில் செருகியிருப்பீர்கள். பியெசோவுக்கு ஏறக்குறைய 1 மெகாஓம் உள்ள நுழைவாய் வேண்டும்; கிடார் ஆம்பில் அது இருக்கும். வேறு வழியில்லை என்றால் நடுவில் ஒரு சிறு ப்ரீஆம்ப்.

ஜாக்கையோ கேபிளின் உலோகப் பகுதியையோ தொட்டதும் விரலில் சுரீரென்று ஏறினால், இந்தக் கட்டுரையை மூடிவிட்டு ஆம்பின் பிளக்கைப் பிடுங்குங்கள். அது கிடாரின் கோளாறு அல்ல; ஆம்பிலோ வீட்டு எர்த்திலோ இருக்கிறது. எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை மறுபடி செருகக் கூடாது. இதில் மட்டும் நான் யாருக்கும் யோசனை சொல்வதில்லை.

## கம்பியின் உயரம் நாளுக்கு நாள் மாறிக்கொண்டே போகிறது

மூன்று கம்பிகளும் சேர்ந்து முப்பது கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. இழுப்புக்கு முதலில் பணிவது கழுத்தா, மூடியா என்று பார்க்க வேண்டும்.

மூடியில் குதிரைக்கு இருபுறமும் அளவுகோலைக் குறுக்கே வையுங்கள். மூடி குழிந்து கம்பி தாழ்ந்திருந்தால் உள்ளே குதிரைக்கு நேர் கீழே பென்சில் கனத்தில் ஒரு மரக்குச்சியைக் குறுக்காக ஒட்டுங்கள்.

மூடி நேராக இருந்து கம்பி உயர்ந்துகொண்டே போனால் கழுத்து. கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தி, ஏழாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே ஏ.டி.எம். அட்டையை நுழையுங்கள். அட்டையின் கனம் 0.76 மி.மீ. நுழையாவிட்டால் கவலை இல்லை. தாராளமாக நுழைந்தால் கழுத்து வளைந்துவிட்டது.

செலவில்லாத வழி, மூன்று கம்பிகளையும் ஒரு முழு ஸ்வரம் இறக்கி எஃப்-சி-எஃப் வைப்பது. இழுப்பு குறையும், நான்கு கட்டையில் பாடுபவர்களுக்கு வசதியும்கூட. அடுத்தது ஓர் அளவு மெல்லிய கம்பி. ஐப்பசி மழையில் வளைந்த கழுத்து என்றால் கம்பியைத் தளர்த்தி, கிடாரைச் சுவர் ஓரம் சாய்க்காமல் தட்டையாக வைத்து இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள். என்னிடம் ஒன்று தை மாதத்தில் தானாகவே நிமிர்ந்தது.

வளைவு கழுத்து முழுவதும் பரவாமல், பெட்டிக்குள் நுழையும் இடத்தில் மட்டும் மடிந்திருந்தால் அங்கே அதிகமாகச் சீவிவிட்டீர்கள். உள்ளே அடிப்பக்கத்தில் அதே அகலத்தில் இன்னொரு பட்டையை மரப்பசை போட்டு ஒட்டி, கிளாம்ப் இறுக்கி ஒரு நாள் விடுங்கள்.

எதற்கும் அசையாவிட்டால் தச்சரிடம் போகலாம். வளைந்ததை நிமிர்த்தித் தரச் சொல்லாதீர்கள். நிமிர்த்தினாலும் திரும்ப வளையும். முடிச்சில்லாத, நரம்பு நேராக ஓடும் காய்ந்த தேக்கில் 38-க்கு 25 மி.மீ. சட்டம் ஒன்று இழைத்துத் தரச் சொல்லுங்கள். பட்டறையில் விழுந்து கிடக்கும் பழைய ஜன்னல் சட்டத்திலிருந்து எடுத்துத் தந்தால் இன்னும் நல்லது; அது வளைய வேண்டியதெல்லாம் எப்போதோ வளைந்து முடித்திருக்கும்.